ஐம்பத்து மூன்று நானூறு

ஜிம்மில் சேர்ந்த முதல் நாள் அந்த அக்கா எதையும் தூக்கவில்லை. நிறுத்தார்.

மீன் ஏலம் விடும் இடத்தில் ஆட்கள் மடியில் செருகி வைத்திருப்பார்களே, உள்ளங்கை அளவுத் தொங்கு தராசு, கீழே ஒரு கொக்கியும் முகத்தில் சின்னப் பச்சைத் திரையும் உள்ளது, அதை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து கம்பிகளைத் தாங்கும் சட்டமான ராக்கின் உச்சியில் கட்டினார். சுவரோரம் அடுக்கியிருந்த இரும்பு பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். துளைக்குள் கயிற்றை நுழைத்துக் கொக்கியில் மாட்டினார். ஆட்டம் அடங்கும்வரை ஒற்றை விரலால் அணைத்துப் பிடித்து, விரலை எடுத்து, எண்ணைப் படித்தார். படித்ததைச் சாக்பீஸால் அந்த பிளேட்டின் நெற்றியிலேயே எழுதினார். பத்து என்று வார்த்திருந்த ஒன்று 9.2. பத்து என்று வார்த்திருந்த இன்னொன்று 10.9. இருபது கிலோ என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த நீளக் கம்பி, அதுதான் பார், 18.7.

பெண்களுக்கான நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை. அந்த நேரத்தில் ஜிம்மின் சொந்தக்காரர் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு, உள்ளே பார்க்காமல், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. சந்தேகம் கேட்டால் முகத்தைத் திருப்பாமலே பதில் சொல்வார். அந்த முதுகு எங்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"அண்ணாச்சி, உங்க பத்து கிலோ ஒண்ணுகூட பத்து கிலோ இல்ல."

"எம்மா, எல்லாம் சொல்லிச் செஞ்சது. பட்டறையில நானே பக்கத்துல நின்னு வார்த்தது."

"நீங்க நின்னதுக்கும் அது எடைக்கும் என்ன சம்பந்தம்?"

"வந்த அன்னைக்கேவா?" என்றது முதுகு.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி ஈரத்துணியால் சாக்பீஸ் எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டார். மறுநாள் காலை அக்கா வந்து மறுபடி எல்லாவற்றையும் எழுதினார், எதையும் பார்க்காமல், மனப்பாடமாக. நாற்பத்து இரண்டு பிளேட்டுகள். அதற்குப் பிறகு யாரும் துடைக்கவில்லை.

அக்கா ஐம்பது வயதைத் தொட்டிருந்தார். அகன்ற தோள், குட்டைக் கழுத்து. சுடிதார் பேன்ட்டின் மேல் மகனுடைய பழைய டீசர்ட். கான்வாஸ் காலணியின் தையல் ஓரங்களில் எப்போதும் வெள்ளையாக ஒரு கோடு. உப்பு. உப்பளச் சாலையில் லாரி நிறுக்கும் எடை மேடையில் அவருக்கு வேலை. நாளெல்லாம் ஜன்னல் வழியாக டிரைவர்களைக் கத்திக் கூப்பிட்டுத் தடித்துப்போன குரல். யாராவது 'சுமார்' என்றோ 'ஏறக்குறைய' என்றோ சொன்னால் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தடிக்கும். "எழுதினதச் சொல்லாதளா. நெனச்சதச் சொல்லாத. இருக்கிறதச் சொல்லு."

இதைக் கேட்டவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். பாதிப்பேர் அவர் பக்கத்துப் பெஞ்சுக்கு வருவதை நிறுத்தினார்கள். மீதிப்பேர், என்னைப் போல, அவர் எதை நிறுக்கப் போகிறார் என்று பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்து வர ஆரம்பித்தோம்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. துறைமுகச் சாலையில், சரக்குகளை அனுப்பிவைக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை. தோள்கள் முன்னால் சுருண்டு, நெஞ்சு உள்ளே போய், கண்ணாடியில் என்னைப் பார்த்தால் எதற்கோ மன்னிப்புக் கேட்பவள் போல இருந்தேன். நெஞ்சுத் தசை வலுத்தால் நிமிரலாம் என்று, பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுக்கு இறக்கி ஏற்றும் பெஞ்ச் பிரஸ் செய்ய ஆரம்பித்திருந்தேன். நான்கு மாதத்தில் நிமிர்ந்தேனோ இல்லையோ, இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. தைலம், வெந்நீர் ஒத்தடம், டாக்டர். எல்லாரும் வயசைச் சொன்னார்கள். வயசு என்பது சௌகரியமான பதில். அதற்கப்புறம் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

அவர் மூன்று நாள் என் தலைமாட்டில் நின்று பார்த்தார். நான்காம் நாள் சொன்னார்.

"ஏளா, ஒனக்கு வலது பக்கம் முதல்ல ஏறுது."

"எனக்கு வலது கைதான பழக்கம்க்கா."

"நெனச்சதச் சொல்லாதன்னேன்லா. எறக்கு."

பிளேட்டுகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நீலப் பெயின்ட் அடித்த பிளேட்தான் எனக்குப் பிடிக்கும். அது ராக்கின் இடது பக்கம் இருந்ததால் தினமும் அதையே இடது பக்கம் மாட்டிவந்தேன். அதன் நெற்றியில் 10.9. வலது பக்கத்து பிளேட்டின் நெற்றியில் 9.2. நடுவில் ஒரு கிலோ எழுநூறு. எண்கள் மாதக்கணக்கில் என் கண் முன்னால் சாக்பீஸில் இருந்தன. படித்துமிருக்கிறேன். என் தோளோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"தோள் கெட்டுப் போகலளா. இதுதான் கெட்டது," என்று காலால் நீல பிளேட்டைத் தள்ளினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் விடவில்லை. "அதோட நீயும் கெட்டுத்தான் தூக்குத. முழங்கைய சிலுவையில அறைஞ்சாப்ல விரிச்சா தோளு என்னத்துக்கு ஆவும்? கொஞ்சம் ஒடம்பு பக்கமா கொண்டா. ஒட்டவும் வேண்டாம், விரியவும் வேண்டாம். நடுவால."

அன்று அரை மணி நேரம் வெறும் பாரோடு என்னைப் படுக்க வைத்தார். அண்ணாச்சியின் முதுகிடம் அவர் மாதக்கணக்கில் "ஏன், ஏன்" என்று கேட்டுச் சேர்த்த விஷயங்கள் அவை. ஆனால் அவர் வாயில் எல்லாமே எடை மேடையாக மாறியிருந்தது.

"மேடைக்கு அடியில எட்டு செல்லு இருக்கு. அதுதான் எடைய உணருறது. ஒண்ணு சரியா உக்காராம அந்தரத்துல நின்னாலும் மேல காட்டுற நம்பர் பொய். நீ படுத்தா அஞ்சு எடம் உக்காரணும். தல, மேல் முதுகு, புட்டம், ரெண்டு பாதம். நீ காலத் தூக்கி பெஞ்சு மேல வச்சிருக்க. அப்போ மூணு செல்லுதான். ஆடாம என்ன செய்யும்?"

பாதங்களைத் தரையில் ஊன்றினேன்.

"முதுகுல ரெண்டு பலகை எலும்பு இருக்குலா. ரெண்டையும் பின்னால சேத்து நடுவுல ஒரு மாம்பிஞ்ச இடுக்கிக்கிட்டாப்ல வை. காதுகிட்ட ஏத்தாத, கீழ எறக்கு. இப்போ பாரு, நெஞ்சு தானா மேல வருதா? அதான் மேடை."

நெஞ்சு மேலே வந்தது. மேற்கூரைத் தகரம் எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது போல் இருந்தது.

கட்டைவிரல் பாரைச் சுற்றி வர வேண்டும். கட்டைவிரலை வெளியே விடுகிறவள் கழுத்தை வெளியே விடுகிறவள் என்பார். மணிக்கட்டு பின்னால் மடங்கக்கூடாது, முழங்கைக்கு நேர்மேலே பார் நிற்க வேண்டும். கழுத்துக்கு நேராக இறக்கக்கூடாது, மார்பின் கீழ்ப்பாதிக்கு. மூச்சை இழுத்து வயிற்றில் கட்டிக்கொண்டு இறக்கி, பாதி ஏறியபின் விட வேண்டும். "தொடணும். மோதக் கூடாது. லாரி மேடையில ஏறுற மாதிரி. மெதுவா ஏறுனாத்தான் நெசமான எடை. தடார்னு ஏத்துனா நம்பர் குதிக்கும். நெஞ்சுல மோதித் துள்ள விட்டு ஏத்துறவ எடையத் தூக்கல, துள்ளலத் தூக்குதா." சொல்லும்போது இரண்டு விரலைத் தன் நெஞ்செலும்பின் ஓரத்தில் வைத்துக் காட்டுவார். "இங்கன வேலை நடக்கணும். தோள்ல நடந்தா வேலை தப்பான ஆள்கிட்டப் போயிருக்குன்னு அர்த்தம்."

மூன்று வாரத்தில் தோள் வலி போயிற்று.

நடைப்பயிற்சி இயந்திரத்துக்கு மட்டும் வரும் ஒரு அம்மா ஒருநாள் அவரிடம் கேட்டார்: "இதத் தூக்குனா நெஞ்சு ஆம்பளையாட்டம் ஆயிரும்லா?"

"ஆம்பளைக்கு அப்படி ஆயிருக்கான்னு மொதல்ல வெளிய இருக்க அண்ணாச்சியக் கேளுங்க."

முதுகு இருமியது.

நல்ல பக்கத்தை மட்டும் சொன்னால் அவருக்கே பிடிக்காது. எடை குறைத்துச் சொல்கிறாய் என்பார். ஆகவே இதையும் சொல்ல வேண்டும். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களோடு வந்தாள். இன்னும் எழுதாத தேர்வின் பெயரில் அவளை போலீஸ்காரி என்றே கூப்பிடுவோம். ஒருநாள் அவள் முதன்முதலாக நாற்பது கிலோ தூக்கினாள். தோழி கைபேசியில் படம் எடுத்தாள். கை நேராக நிமிர்ந்த அந்த நொடியில், படத்துக்குள் தெளிவாகப் பதியும்படி, பக்கத்திலிருந்து ஒரு குரல்: "முப்பத்தேழு அறுநூறு."

போலீஸ்காரி அழுதுவிட்டாள். ஒரு வாரம் வரவில்லை.

"ஏன்க்கா, சின்னப் பிள்ளைகிட்ட? ஒரு நாள் கழிச்சுச் சொன்னா என்ன?" என்றேன். எனக்குக் கோபம்.

"அவ ஒரு நாள் முழுக்கப் பொய்யா சந்தோசமா இருப்பா. அப்புறம் ரெண்டு மடங்கு அழுவா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்த வாரம் முழுக்கக் காலையில் பிளேட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். போலீஸ்காரி திரும்பி வந்த அன்று ஒரு பார் தயாராக இருந்தது. சரியாக நாற்பது, இரு பக்கமும் சமமாக. "இது நாப்பது. சத்தியமா நாப்பது. வா, படு. படம் எடுக்கச் சொல்லு." அவள் முறைத்துக்கொண்டே படுத்தாள். முறைத்துக்கொண்டே தூக்கினாள். எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு அது வசதிப்படவில்லை. கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டு நின்றார்.

இன்னொரு பழக்கம். பாரின் இரு முனையிலும் பிளேட் நழுவாமல் மாட்டும் லாக்கை, தனியாகத் தூக்குகிற யாராவது போட்டிருந்தால் கேட்காமலே போய்க் கழற்றிவிடுவார். "தனியா படுத்தா லாக் போடாதளா. ஏறலன்னா ஒரு பக்கம் சாய்ச்சா பிளேட்டு வழிஞ்சு விழும், நீ வெளிய வந்துருவ. லாக் போட்டா அடியில கெடப்ப." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடிக்காது. மெலியும். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

விசித்திரம் இன்னொன்றும் இருந்தது. அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு எண்: 53.400. அடியில் இரண்டு கோடு. மற்றவர்களுக்கு நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்கள்தான் கனவு. யார் ஐம்பத்து மூன்று கிலோ நானூறு கிராமைக் கனவு காண்பார்கள்? அதற்காக வாரம் கால் கிலோ ஏற்றினார். கால் கிலோவுக்கு எந்த ஜிம்மிலும் பிளேட் கிடையாது. போலீஸ்காரி யோசனை சொன்னாள். உப்புக்கா நம் ஊரில் பஞ்சம்? துணிப்பையில் உப்பை நிறுத்துக் கட்டி பாரின் முனைகளில் தொங்கவிட்டோம்.

ஐப்பசி பிறந்து மழைக்காற்று வந்தது. அவர் திணற ஆரம்பித்தார். சாதாரணமாக ஏற்றிக்கொண்டிருந்த எடை பாதியில் நின்றது. இரண்டு வாரம் முகம் கறுத்துத் திரிந்தார். ஒருநாள் காலை நான் வரும்போது பைகளையெல்லாம் தராசில் மாட்டிக்கொண்டிருந்தார். உப்பு ஈரக்காற்றைக் குடித்து ஒவ்வொரு பையும் கனத்திருந்தது. எல்லாம் சேர்த்து இருநூறு கிராம். உப்பிலேயே காலம் தள்ளுகிற ஊர்க்காரிகள் இத்தனை பேர் சேர்ந்து இதை மறந்திருந்தோம்.

"இருநூறு கிராமுக்காக்கா தோத்தீங்க?"

"இல்லதான். தூக்கம் சரியில்ல, அதுக்குத் தோத்தேன். ஆனா தோத்தது எதுக்குன்னு தெரியணும்லா."

மறுநாள் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்தார். ஈயம் எந்தக் காற்றையும் குடிக்காது. நைலான் கயிற்றில் கோத்து பாரின் இரு முனையிலும் சுற்றினார். "பாருக்கு முத்துமாலை போட்டாச்சா அக்கா? எப்போ கல்யாணம்?" என்றாள் போலீஸ்காரி. அவர் ஒரு குண்டைக் கழற்றினார். "அதுவே சொல்லும். பேசாம கிட."

ஒரு பாரவண்டியின் எடைச்சீட்டில் அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்து, ஒரு மத்தியானம் நான் அவருடைய எடை மேடைக்குப் போக வேண்டியிருந்தது. உப்பளச் சாலையில் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்திகளில் வெயில் கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது. குவித்த உப்பை உற்றுப் பார்த்தால் கண்ணுக்குள் கறுப்பு வரும். நடுவில் தரையோடு தரையாகப் பதித்த நீண்ட இரும்பு மேடை, பக்கத்தில் ஒரு ஜன்னல் அறை, அறையின் மேல் லாரிக்காரர்கள் பார்ப்பதற்காகச் சிவப்பு எண்கள் ஒளிரும் பலகை. லாரி எதுவும் இல்லை. பலகையில் பூஜ்யம்.

என் சீட்டைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்து வெறும் மேடையில் ஏறி நின்றார். பலகை 60 என்றது.

"பத்து பத்தாத்தான் காட்டும். நான் அறுபத்திரெண்டு. ரெண்டு கிலோவ முழுங்கிரும்," என்றார். பிறகு, மேடையின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓடிய சிமென்ட் கட்டையைக் காட்டினார். "அங்கனதான் கெடந்தேன்."

அவராகவே சொல்ல ஆரம்பித்தார். கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி மத்தியானம். மூட்டை ஏற்றிய ஒரு லாரியை, ஆட்களை இறக்கிவிட்டு, எடை போட்டு முடித்திருந்தார். கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டுமென்று அவிழ்த்துப் போட்டுவிட்டு டிரைவரும் ஆட்களும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பின்பக்க நம்பர் பலகையில் சேறு. படிக்க முடியவில்லை என்று இவர் இறங்கிப் போய்க் குனிந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு மூட்டை வழுக்கி வந்தது. மல்லாக்க விழுந்தார். மூட்டை நெஞ்சின் குறுக்கே. ஒரு பக்கம் சக்கரம், ஒரு பக்கம் சிமென்ட் கட்டை.

"பொரள எடமில்ல. சாய்க்க எடமில்ல. நேரா மேலதான் தள்ளணும். தள்ளுதேன், ஒரு சாண் ஏறுது, திரும்ப நெஞ்சுல வந்து உக்காருது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காத்து போவுது. கத்தக் காத்து இல்ல."

"எவ்வளவு நேரம்க்கா?"

"பதினொரு நிமிசம். சீட்டுல நேரம் விழும்லா. அதுக்கு முந்தின சீட்டும் பிந்தின சீட்டும் வச்சுப் பாத்தேன்." மேலே கை காட்டினார். "அங்கன கெடந்தா அந்தப் பலகை தெரியும். மூட்டை லாரியில இருந்தாலும் என் மேல இருந்தாலும் மேடைக்கு ஒண்ணுதான், அது மாறல. ஆனா சீட்டுல போட்ட எடையவிட அறுவது கூடக் காட்டுச்சு. அது நான். நான் அங்கன கெடக்குதேன்னு அந்த நேரத்துல அது ஒண்ணுக்குத்தான் தெரியும்."

பாத்திகளின் மேல் காற்று ஓடியது. நான் மேடையில் ஏறாமல் நின்றேன்.

"வந்து தூக்கிவிட்டானுவ. ரெண்டு விலா எலும்புல கீறல். அந்த டிரைவர் சொல்லுதான், 'அம்பது கிலோதானக்கா, தள்ளிவிட்டுட்டு எந்திரிக்க வேண்டியதுதான?' சாக்குல அம்பதுன்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால அந்த மூட்டைய நிறுக்கச் சொன்னேன். சின்னத் தராசுல. ஈரம் குடிச்சிருந்துச்சு. அம்பத்து மூணு நானூறு."

ஜன்னல் அறைக்குள் ஃபோன் அடித்தது. அவர் மேடையிலிருந்து இறங்கிப் போனார். பலகை பூஜ்யத்துக்கு வந்தது.

தை மாதக் கடைசியில் அந்த எடையைப் பாரில் ஏற்றினார். பார் பதினெட்டு எழுநூறு, பக்கத்துக்குப் பதினேழு கிலோ முன்னூற்றைம்பது. நான் தலைமாட்டில். நழுவினால் பிடிக்க என் கை பாருக்குக் கீழே, தொடாமல். இறக்கினார். நெஞ்சைத் தொட்டது. ஏறியது. ஒரு சாண் ஏறி நின்றது.

ஒரு சாண். எனக்கு அந்த வார்த்தை தெரியும். அது திரும்ப நெஞ்சில் போய் உட்காருவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பார் மேலே போனது. ராக்கில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். போலீஸ்காரி விசிலடித்தாள். வெளியே அண்ணாச்சிகூடத் தொடையில் தட்டினார். அக்கா எழுந்து உட்கார்ந்து, கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, என் பக்கம் திரும்பினார்.

"எத்தன வெரலு?"

"நான் தொடலக்கா."

"தொட்டியான்னு கேக்கல. எத்தன வெரலுன்னு கேட்டேன்."

"... ரெண்டு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தொங்கு தராசை எடுத்தார். கொக்கியைப் பெஞ்சின் காலோடு கட்டி, மேல்வளையத்தை என்னிடம் நீட்டினார். "அப்போ இழுத்த மாதிரியே இழு. அதே ரெண்டு வெரலு."

அத்தனை பேர் முன்னால் என் இரக்கத்தை நிறுத்தார். முதல் தடவை 2.6. "பயந்து இழுக்காத. நெசமா இழு." 3.1. மூன்றாவது 2.7. கூட்டி வகுத்தார். "ரெண்டு எண்ணூறு. அப்போ நான் தூக்குனது அம்பது அறுநூறு." நோட்டில் எழுதினார்.

"எம்மா," என்றது வாசல் முதுகு. டிரைவர் கதையை நான்தான் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். "சாக்குல எழுதியிருந்த அம்பதத் தாண்டியாச்சுல்லா. அவன் சொன்னதத் தூக்கிட்ட. போதும்னு விடு."

"என் மேல விழுந்தது சாக்குல எழுதினது இல்ல அண்ணாச்சி."

நோட்டை மூடித் துணிப்பைக்குள் வைத்தார்.

அதன்பிறகு ஏழு வாரம். வாரத்தில் இரண்டே நாள் நெஞ்சுக்கு. நடுவில் கட்டாய ஓய்வு. கனத்துக்கு முன்னால் வெறும் பார், பிறகு பாதி, பிறகு முக்கால் என்று உடம்பைச் சூடாக்காமல் ஒருநாளும் படுக்கவில்லை. இரவு சீக்கிரம் தூங்கினார். தூக்கத்தையும் நோட்டில் எழுதினார். அண்ணாச்சி யாரும் கேட்காமலே பெஞ்சின் இரு பக்கமும் இரண்டு தாங்கு கம்பிகளைப் பற்றவைத்துக் கொடுத்தார். நெஞ்சை நிமிர்த்திப் படுத்தால் பார் கம்பியைத் தொடாது. ஏறவில்லையென்றால் முதுகைத் தளர்த்தினால் போதும், பார் கம்பியில் உட்காரும், ஆள் நழுவி வெளியே வரலாம். அக்கா அதற்கு அடியில் படுத்து, தளர்த்தி, நழுவி, மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னார்.

அண்ணாச்சி சொன்ன அன்றைக்கே அவர் போதுமென்று விட்டிருந்தால் எனக்கு அவரை இவ்வளவு ஞாபகம் இருந்திருக்குமா தெரியாது. இப்போது அவர் வேதாரண்யத்தில், வேறொரு உப்புச் சாலையில், வேறொரு மேடையில் இருக்கிறார். நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. நான் இன்னும் பாரில் பிளேட் மாட்டும் முன் அதன் நெற்றியைப் பார்க்கிறேன்.

அந்த ஏழு வாரம் முடிந்த அன்று, பங்குனி வெயில் ஆறரை மணிக்கே தகரத்தில் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தார். ஈயக்குண்டு கடைசியாக ஒன்று கூட, ஒன்று குறைய, திரை 53.4 காட்டும்வரை. அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பவில்லை. ஆனால் டீக்கடைக்கும் போகவில்லை.

"கைய கீழ வச்சுக்கோ," என்றார் என்னிடம். "நான் 'எடு'ன்னு சொன்னா எடு. சொல்லாம தொட்டா, எத்தன வெரலுன்னு கேப்பேன்."

"கேளுங்க."

ஐந்து இடமும் உட்கார்ந்தது. தலை, முதுகு, புட்டம், பாதங்கள். கட்டைவிரல்கள் சுற்றி வந்தன. மூச்சு வயிற்றுக்குள் போவதைப் பார்த்தேன். பார் ராக்கை விட்டு வந்து, மெதுவாக, மேடையில் ஏறும் லாரி போல, மார்பின் கீழ்ப்பாதிக்கு இறங்கி, தொட்டு, ஏறியது. ஒரு சாணில் நின்றது.

நின்றது என்றால் நிஜமாகவே நின்றது. இடது முழங்கை நடுங்கியது. ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று உரசின. என் விரல்களுக்கும் பாருக்கும் நடுவில் ஒரு நூல்தான். அவர் கண்கள் பாரிலும் இல்லை, என்னிடமும் இல்லை. கூரையில் எங்கோ. அந்தக் கண்கள் 'எடு' என்று சொல்லவில்லை. எனக்கு என் கை பிடிக்கவில்லை. அது என்னைக் கேட்காமல் இரக்கப்படக் கூடியது. விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

முழங்கை நடுக்கத்தை விட்டது. பார் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பாதியைத் தாண்டியதும் அவருடைய மூச்சு வெளியே வந்தது, நீளமாக, பல்லுக்கு நடுவில். கைகள் நேராக நிமிர்ந்தன.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அவர் 'எத்தன வெரலு' என்று கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. பாரை ராக்கில் வைக்கவும் இல்லை. நிமிர்ந்த கைகளின் உச்சியில் அதை வைத்துக்கொண்டு கிடந்தார்.

"வைங்கக்கா."

"இரு."

ஒரு மூச்சு. இரண்டு. வாசலில் அண்ணாச்சி முதன்முறையாக நாற்காலியைத் திருப்பியிருந்தார். அக்கா பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடியிலிருந்து, ஒரு கை நீளத் தூரத்தில், முகத்தில் அவசரமே இல்லாமல்.

"பாத்தியாளா," என்றார். "அது அங்கன நிக்குது."